நானுஓயாவில் ஒரு தவளைக்கண் கார்

நுவரெலியாவுக்குப் புகைவண்டியிற் செல்பவர் எவரும் நுவரெலியாவில் இறங்குவதில்லை, நானுஓயாவிலேதான் இறங்குகின்றனர். 1885ஆம் ஆண்டில் இருப்புப்பாதை இங்கே வந்து சேர்ந்த நாள்முதல், பிறர் கடந்து போகும் வாயிலாகவே இவ்வூர் வாழ்ந்து வருகிறது. கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 5,300 அடி உயரத்தில் நிலையம் அமைந்திருக்கிறது. இங்கிருந்து 1903இல் நுவரெலியாவுக்கும் 1904இல் இராகலைக்கும் இரண்டரை அடி அகலமான குறும்பாதை ஒன்று ஓடத் தொடங்கியது. தேயிலைப் பெட்டிகளையும் துரைமார்களையும் சுமந்த அந்தச் சிறு வண்டித் தொடர் மறைந்து பல தசாப்தங்களாகிவிட்டன. அதன் பின்னர் மேலே போவதற்கும் கீழே இறங்குவதற்கும் மோட்டார் வீதிதான் கதி. ஆகவே புகைவண்டி ஊர் என்று பெயர் பெற்ற நானுஓயா, நடைமுறையிலே மோட்டார் வண்டிகளின் ஊராக ஆயிற்று.

வெள்ளைக்காரத் துரைமார் நாளிலே, தோட்டத்துக் கார்கள் நிலைய வாசலில் காத்து நிற்கும். காருக்கு உரியவர் துரை. ஆனால் அதன் உள்ளத்தை அறிந்தவர்களுள் பலர் தோட்டத்துத் தமிழர். தொழிற்சாலை எஞ்சின் அறையில் எண்ணெய் போட்டுப் பழகிய கைகள் காரின் முன்மூடியைத் திறக்க வெகுநாள் ஆகவில்லை. மலைநாட்டிலே சக்கரத்துக்கு 'ரோதை' என்று பெயர். ரோதைக்கு ஒரு முனியையும் வைத்து, தொழிற்சாலையிலே கை நசுங்காமல் காக்கும்படி வேண்டிக்கொண்ட சமூகம் இது. யந்திரத்தை நேசிக்கவும் தெரியும், அஞ்சவும் தெரியும்.

அந்த நேசமும் அச்சமும் ஒரே கராஜில் எதிரெதிரே நின்று வழக்காடியதை 2025ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் நானுஓயாவிலே சில வாரங்கள் தங்கியிருந்தபோது கண்டேன். வழக்குக்குக் காரணம் ஒரு சின்னஞ்சிறு பந்தயக் கார்.

என் நண்பர் தோட்டப் பாடசாலை அதிபராயிருந்து ஓய்வு பெற்றவர். ஊரார் இன்றும் அவரை 'மாஸ்டர்' என்றே அழைக்கின்றனர். அவரிடம் இருப்பது ஒஸ்டின் ஹீலி ஸ்பிரைட் என்னும் வண்டி. 1958 மே மாதத்திலே மொன்ரி கார்லோ நகரில் உலகுக்கு அறிமுகமான இவ்வண்டிக்கு இரண்டே ஆசனங்கள், 948 கன சென்ரிமீற்றர் எஞ்சின், 43 குதிரைவலு. நீளம் பதினொன்றரை அடியைத் தாண்டாது. நிறை ஏறத்தாழ 660 கிலோகிராம். வெளியே கதவுப் பிடி கிடையாது. உள்ளே கையை விட்டுத்தான் திறக்கவேண்டும். பின்னாலே சாமான் அறை உண்டு, ஆனால் அதற்கு மூடி இல்லை; ஆசனத்தைச் சாய்த்து, பொந்துக்குள் கைவிடுவதுபோல் விட்டு எடுக்கவேண்டும். தலைவிளக்குகள் மடிந்து எழும்புமாறு முதலில் திட்டமிட்டிருந்தார்களாம். செலவு கருதி அந்த எண்ணத்தைக் கைவிட்டு முன்மூடியின் மேலேயே நிலையாகப் பதித்துவிட்டனர். அவை இரு உருண்டைக் கண்களாய்த் துருத்தி நிற்பதைக் கண்டு ஆங்கிலேயர் 'தவளைக்கண்' என்று செல்லப்பெயர் வைத்தனர். நானுஓயாச் சிறுவர்களோ, யாரும் சொல்லிக்கொடுக்காமலே, 'தவளைக் கார்' என்று கூவிக்கொண்டு அதன் பின்னே ஓடுகின்றனர்.

இவ்வண்டி பிறக்கும்போதே அரைகுறையாகப் பிறந்தது என்று சொல்லலாம். விலையைக் குறைக்க வேண்டி, அதை ஆக்கியோர் பல பொருள்களை 'வேண்டுமாயின் வாங்கிக்கொள்க' என்று விட்டுவிட்டனர். முன்பக்கத்து மோதுகம்பி, உட்புறத்தைச் சூடாக்கும் ஹீற்றர், கண்ணாடிக்கு நீர் தெளிக்கும் கருவி, எஞ்சினின் சுழற்சியை எண்ணிக் காட்டும் மானி ஆகிய யாவும் மேலதிகக் காசுக்கு உரியவை. ஆகவே ஸ்பிரைட் வாங்கியவர் எவரும் வாங்கிய அன்றே அடுத்து எதைப் பொருத்துவது என்று எண்ணத் தொடங்கினார். அறுபது ஆண்டு கடந்தும் அந்த எண்ணம் ஓய்ந்தபாடில்லை.

இத்தகைய அபூர்வ வண்டி மலைநாட்டின் மூலையிலே எவ்வாறு உயிர் வாழ்கிறது என்று வாசகர் வியக்கக்கூடும். விடை எளிது. அதன் எஞ்சின் மொறிஸ் மைனருக்கும் ஒஸ்டின் ஏ35க்கும் உடன்பிறப்பு. ஸ்ரியறிங் மைனரிலிருந்து வந்தது. முன்சக்கரத் தொங்கல் ஏ35இன் வழி வந்தது. மொறிஸ் மைனர் இலங்கையின் வீட்டுப் பிள்ளை. 1990களில் மைனருக்கு வேண்டிய உதிரிப் பாகங்களை இங்கேயே செய்து இங்கிலாந்துக்கு ஏற்றுமதி செய்த காலமும் உண்டு. அதனோடு, 2020 மார்ச்சிலே நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் திறக்கப்பட்டது. அவ்வைந்து ஆண்டுகளிலும் பழைய வண்டியை எறிந்துவிட்டுப் புதியது வாங்குவோம் என்ற பேச்சுக்கே இடமில்லை. பழையதைப் பழுதுபார்க்கும் கை ஒன்றே மதிப்புப் பெற்றது.

அந்தக் கைக்கு உரியவரை எல்லோரும் 'பாஸ்' என்பர். தேயிலைத் தொழிற்சாலையில் ஃபிற்றராக இருந்து, பின்பு சொந்தமாகக் கராஜ் வைத்தவர். தகரக் கொட்டகை, ஒரு கடைசல் யந்திரம், ஒரு குழி, சுவரிலே சரஸ்வதி பூசைக்கு இட்ட சந்தனப் பொட்டு மங்காத சாவிப் பலகை. இவ்வளவுதான் அவரது சாம்ராச்சியம்.

வழக்கு இதுதான். மாஸ்டரின் மகள் ஹற்றனில் ஆசிரியை. கிழமை நாள்களில் அங்கே தங்கி, வெள்ளிக்கிழமை மாலை வீடு வருபவள். தவளைக் காரை ஹற்றனுக்குத் தானே ஓட்டிச் செல்லவேண்டும் என்பது அவளுடைய ஆசை. தகப்பனார் மறுக்கவில்லை, 'வண்டி ஆயத்தமானதும் பார்ப்போம்' என்று நாள் கடத்திவந்தார். ஆயத்தம் என்பதன் பொருள் இருவருக்கும் வேறு வேறாயிருந்தது. மேலதிகப் பொருத்துகைகளுக்கென ஒதுக்கிய பணம் ஒரே தொகை. எழுதிய பட்டியல்கள் இரண்டு.

மாஸ்டரின் பட்டியலில் மரத்தாலான ஸ்ரியறிங் சக்கரம், வலைபோன்ற பந்தயக் காற்று வடிகட்டிகள் இரண்டு, கர்ச்சிக்கும் புகைக்குழாய், பித்தளை ஊதுகுழல், பின்னாலே சாமான் கட்டும் வெள்ளிநிறச் சட்டம் ஆகியவை இருந்தன. மகளின் பட்டியலோ ஒரு குடும்ப வைத்தியர் எழுதிய சீட்டைப் போலிருந்தது: மூடுபனி விளக்கு, ஹீற்றர், ஆசனப் பட்டி, முன்சக்கரங்களுக்குத் தட்டு பிரேக்.

மாஸ்டரின் ஆசையை நான் குறைகூற மாட்டேன். அதற்கு ஒரு சரித்திரம் உண்டு. நுவரெலியாவை அடுத்த மகாகஸ்தோட்டையில் 1934ஆம் ஆண்டு தொடங்கிய மலையேற்றக் கார்ப் போட்டி இந்நாட்டு மோட்டார் விளையாட்டுகளுள் மூத்தது. நானுஓயாவுக்குக் கீழே ரதெல்லத் தோட்டத்திலும் அத்தகைய போட்டி நடந்திருக்கிறது. தேயிலைச் செடிகளுக்கிடையே வளைந்தேறும் தோட்டப் பாதையில், ஒவ்வொரு காராக, கடிகாரத்தோடு போட்டியிட்டு மேலே பாயும். மாஸ்டர் சிறுவராயிருந்தபோது அதைக் கொழுந்துக் கூடைகளுக்கு நடுவே மண்மேட்டில் நின்று பார்த்தவர். பந்தயக் கார் என்றால் அவருக்குச் சத்தமும், மர ஸ்ரியறிங்கும், மேலே ஏறும் வேகமுமே.

அவருடைய பட்டியல் முழுவதும் ஏறுவதற்கு என்றே எழுதப்பட்டிருப்பதை பாஸ் ஒரே பார்வையில் கண்டுகொண்டார். "மாஸ்டர், ஏறுறதுக்குத்தான் கப் குடுப்பாங்க. எறங்குறதுக்கு யாரும் கப் குடுக்க மாட்டாங்க. ஆனா பாப்பா போகப்போறது கீழதானே?" என்றார்.

ஆயினும் அவர் நியாயமான மனிதர். எதையும் பார்க்காமல் ஒதுக்கவில்லை. கடன் வாங்கியும், திருப்பிக் கொடுக்கும் உறுதியின்பேரில் கடையில் எடுத்துவந்தும், இரு பட்டியல்களிலிருந்தும் பல பொருள்களைப் பொருத்திப் பார்த்தோம்.

காற்று வடிகட்டிகள் முதலிலே வந்தன. பெட்டியின்மேல் ஐந்து குதிரைவலு கூடும் என்று அச்சிட்டிருந்தது. நானுஓயாவின் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடலோரத்தில் உள்ளதைவிட ஏறத்தாழ நூற்றுக்குப் பதினைந்து குறைவு. காற்றுக் குறைந்தால் எஞ்சினின் வலுவும் அதே அளவில் குறையும். 43 என்பது 37 அளவில் நின்றுவிடும். வடிகட்டியை மாற்றியதனால் மலையின் காற்று அடர்த்தியாகிவிடப் போவதில்லை. நுவரெலியா ஏற்றத்தில் இருமுறை ஓட்டிப் பார்த்தோம். சத்தந்தான் கூடிற்றே ஒழிய, நேரம் குறையவில்லை. அதன்பின் பாஸ் பழைய வடிகட்டிகளையே மாட்டி, இரண்டு எஸ்.யூ. காபுரேற்றர்களின் அடியிலிருந்த நட்டுகளைச் சிறிது மேலே திருகினார். கொழும்பின் காற்றுக்கு அளந்த பெற்றோல் நானுஓயாக் காற்றுக்கு மிகை. மிகையைக் குறைத்ததும் எஞ்சின் இருமலை விட்டது. புகைக்குழாயின் கரி நிறம் மாறியது. செலவு ஒரு சதமும் இல்லை. மாஸ்டர் பட்டியலில் முதற்கோட்டை அவரே வெட்டினார்.

மூடுபனி விளக்கின் கதை நீண்டது. ஆனால் இம்முயற்சியிலே மிகுந்த சுவையுடையதும் அதுவே. நானுஓயா மூடுபனி பிற்பகல் மூன்று மணிக்கே மலையை விட்டு இறங்கி வீதியில் நடமாடும். தலைவிளக்கின் உயர்ந்த ஒளியைப் போட்டால் எதிரே வெள்ளைச் சுவர் எழும்பும். ஒளி நீர்த்துளிகளிற் பட்டு நம் கண்ணுக்கே திரும்பி வருவதுதான் காரணம். ஆகவே விளக்கு தாழ இருக்கவேண்டும். ஒளி விரிந்து தட்டையாய்த் தரையைத் தடவிச் செல்லவேண்டும். மஞ்சள் நிறம் பனியைத் துளைக்கும் என்று பலர் நம்புகின்றனர். பிரான்சிலே 1993 வரை கார்களுக்கு மஞ்சள் விளக்கே சட்டமாயிருந்தது. ஆயினும் பனித்துளி ஒளியின் எந்த நிறத்தையும் ஏறக்குறைய ஒரேவிதமாகவே சிதறடிக்கிறது. மஞ்சள் கண்ணுக்குச் சற்று இதம், அவ்வளவே. விளக்கின் உயரந்தான் முக்கியம்.

இடையூறு விளக்கில் இல்லை. வண்டியின் மின்சாரத்தில் இருந்தது. இக்கால வண்டிகளில் இருப்பது ஓல்ட்டர்னேற்றர். ஸ்பிரைட்டில் இருப்பதோ பழைய டைனமோ. அதன் முழுத் திறனும் ஏறத்தாழ 20 அம்பியர். எஞ்சின் மெல்ல ஓடும்போது அதுவும் கிடையாது. தலைவிளக்கு, பின்விளக்கு, மழை துடைப்பான், பற்றவைப்பு, ஹீற்றர் விசிறி ஆகியவை சேர்ந்தே அந்த இருபதையும் உண்டுவிடுகின்றன. இந்நிலையில் 55 வாட் விளக்கு இரண்டைச் சேர்த்தால் மேலும் ஒன்பது அம்பியர் வேண்டும். பனியில் மெல்ல ஊரும் ஒரு மாலைப் பொழுதிலே பற்றரி வெறுமையாகி, வண்டி நடுவழியில் கண்மூடிவிடும். ஓல்ட்டர்னேற்றருக்கு மாற்றலாமே என்றால், எஞ்சின் சுழற்சியை எண்ணும் மானிக்கு உந்துதல் கொடுப்பது டைனமோவின் பின்புறமே. டைனமோ போனால் மானியும் செயலற்றுப் போகும்.

ஆகவே எல்.ஈ.டி. விளக்குகளைத் தெரிந்தெடுத்தோம். இரண்டும் சேர்ந்து மூன்றரை அம்பியருக்குமேல் கேளா. இங்கேதான் இரண்டாவது முடிச்சு. அக்காலத்து ஆங்கிலக் கார்கள் பலவற்றில் பற்றரியின் நேர்முனையே வண்டியின் உடலோடு இணைந்திருக்கும். கராஜ் மொழியில் 'பொசிற்றிவ் எர்த்'. இக்கால விளக்குகளோ எதிர்முனை உடலோடு இணைந்த வண்டிக்கு என்றே செய்யப்படுகின்றன. சிலவற்றின் உலோகக் கூடே எதிர்முனையோடு தொடர்புடையது. அப்படிப்பட்ட விளக்கை ஸ்பிரைட்டின் உடலில் முடுக்கினால் அந்தக் கணமே மின்சாரம் குறுக்கே பாய்ந்து கம்பி கருகும். பழைய காருக்குப் புது விளக்கு வாங்கும் இளைஞர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பெட்டியில் எழுதியிருக்கும் '12 வோல்ட்' என்ற சொல் மட்டும் போதாது.

பாஸ் ஒரு மாலையிலே வண்டியின் மின்னோட்டத்தைத் திசைமாற்றினார். பற்றரிக் கம்பிகளை இடம் மாற்றி, பற்றவைப்புச் சுருளின் இரு முனைகளையும் மாற்றி, கடைசியாக டைனமோவின் ஒரு முனையிலே பற்றரிக் கம்பியால் கணநேரம் தொட்டு எடுத்தார். சிறு பொறி ஒன்று பறந்தது. அந்தத் தொடுகையினால் டைனமோவின் காந்தம் புதுத் திசையைக் கற்றுக்கொள்கிறது. "ரத்தம் ஓடுற தெசய மாத்தியாச்சு. இனி எவனும் பழய பழக்கத்துல கம்பி மாட்டிறக் கூடாது" என்று, பற்றரிக்கு அருகே சிவப்பு எழுத்தில் மும்மொழியிலும் எழுதி ஒட்டச் சொன்னார். எழுதியவள் மகள். இந்தக் கடதாசித் துண்டும் ஒரு பொருத்துகைதான். எங்கள் பட்டியலில் மிக மலிவானதும் அதுவே.

முன்பக்க மோதுகம்பி இல்லாத வண்டி என்பதால் விளக்குகளுக்குத் தட்டையான இரும்பில் தாங்கி செய்து, முழங்காலுக்கும் தாழ்வாகப் பொருத்தினோம். அன்றிரவு பிளாக்பூல் சந்திப் பக்கம் ஓட்டிச் சென்றோம். மூடுபனி அடர்ந்திருந்தது. தலைவிளக்கைத் தாழ்த்தி, புது விளக்கைப் போட்டதும் வீதியின் இடப்பக்க ஓரம், வடிகால், வெள்ளைக் கோடு மூன்றும் தெரிந்தன. தொலைவு தெரியவில்லை, பனியிலே தொலைவு தெரிய ஒரு விளக்கும் உதவாது. ஓரம் தெரிந்தால் ஊர்ந்தாவது வீடு சேரலாம். இவ்விளக்குகளுக்கு நான் முழு மதிப்பெண் கொடுப்பேன். ஆனால் பனி விலகியதும் அணைத்துவிடுங்கள்; எதிரே வருபவர் கண்ணில் அவை ஊசி.

ஹீற்றரைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. சமவெளி வாசகர்களுக்கு அது ஆடம்பரமாகத் தோன்றலாம். சனவரி, பெப்ரவரி மாதங்களில் நானுஓயா அதிகாலையில் ஒருமுறை கார் கதவைச் சாத்திக்கொண்டு மூச்சு விட்டுப் பாருங்கள். கண்ணாடி உட்புறமாகப் பனித்து வீதி மறைந்துவிடும். எஞ்சினின் சூட்டு நீரை ஒரு சிறு பெட்டிக்குள் ஓடவிட்டு, அதன் வெம்மைக் காற்றைக் கண்ணாடியின் அடியிலே ஊதுவதுதான் ஹீற்றரின் முதல் வேலை. காலுக்குச் சூடு அடுத்தபடி. பழைய பெட்டி ஒன்றைக் கழுவிப் பொருத்தினோம், நன்றாயிருந்தது. ஆசனப் பட்டிகளும் நன்று. தகட்டுத் தரையில் வெறும் துளையிட்டு முடுக்காமல், அடியிலே கனத்த இரும்புத் தட்டு வைத்து முடுக்கினோம். அது இன்றேல் இழுப்பு வரும்போது பட்டி தரைத் தகட்டையே கிழித்துக்கொண்டு வந்துவிடும்.

சாமான் சட்டம் கண்ணுக்கு அழகு. ஆனால் ஸ்பிரைட்டின் பின்புறம் மிக இலேசானது. பின்சக்கரத்துக்கும் பின்னாலே, உயரத்தில், ஒரு மரக்கறி மூடையை ஏற்றி வளைவிலே திருப்பினால் வால் தலையை ஆட்டத் தொடங்குகிறது. ஒரு சிறு தோற்பெட்டிக்குமேல் அதில் வைக்கலாகாது என்பது என் தீர்ப்பு. தோற்பெட்டியை ஆசனத்தின் பின்னாலேயே வைத்துவிடலாம்!

பித்தளை ஊதுகுழலுக்கு வாதாடியவர் எங்கள் நண்பரான முச்சக்கர வண்டிச் சாரதி ஒருவர். மேலதிகப் பொருத்துகைகளில் மலைநாட்டிலே முதற்பரிசு முச்சக்கர வண்டிகளுக்கே உரியது. பந்தயக் கார்காரர் அவர்களிடம் பாடம் கேட்கவேண்டும். முருகன் படம், நீல விளக்கு, வெள்ளி மணிகள், நடிகர் முகம், இசைப் பெட்டி எனச் சிறு கோயிலாகவே சிலர் வைத்திருக்கின்றனர். 2025 சனவரியிலே, பேருந்துகளிலும் முச்சக்கர வண்டிகளிலும் உள்ள ஆபத்தான பொருத்துகைகளைக் கழற்றுவிக்கப் பொலிசார் முனைந்தபோது, சங்கங்கள் எதிர்ப்புத் தெரிவித்தன; நாடெங்கும் இது பெரிய விவாதமாயிற்று. வாழ்நாள் முழுவதும் அமர்ந்து உழைக்கும் இடத்தை அழகுசெய்துகொள்ள ஒருவன் விரும்புவது குற்றமன்று. பிறர் கண்ணைக் கூசவைக்கும் விளக்கும், காதைச் செவிடாக்கும் குழலும், கண்ணாடியை மறைக்கும் அலங்காரமும் வேறு. இந்த வேறுபாட்டை அவர் ஒப்புக்கொண்டார். ஊதுகுழலைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம்.

இனி பிரேக். இதற்காகவே மற்றவற்றை விரைந்து சொன்னேன்.

நானுஓயாவிலிருந்து தலவாக்கலை 1,300 அடிக்குமேல் தாழ்ந்தது. லிந்துலை வழியாகச் செல்லும் பிரதான வீதி வளைந்து வளைந்து இறங்குகிறது. ரதெல்லக் குறுக்கு வீதியோ அந்தத் தாழ்வைச் சுருக்கி, செங்குத்தாகச் சரிகிறது. 2023 சனவரி 20ஆம் திகதி இரவு, கொழும்பிலிருந்து மாணவரைச் சுற்றுலாவுக்கு ஏற்றிவந்த பேருந்து ஒன்று அவ்வீதியிலே ஒரு வானோடும் ஒரு முச்சக்கர வண்டியோடும் மோதிப் பள்ளத்தில் வீழ்ந்தது. ஏழுபேர் மாண்டனர். வானிற் சென்ற அறுவரும் முச்சக்கர வண்டிச் சாரதியும் அவ்வெழுவர். அதன்பின் கனரக வாகனங்கள் அவ்வழியே செல்லத் தடை விதிக்கப்பட்டது. நானுஓயாவில் இதைப் பற்றி யாரும் உரத்த குரலிலே பேசுவதில்லை. பாஸின் கராஜிலே அந்த வீதியின் பெயரைச் சொன்னால், கையிலுள்ள சாவியைக் கீழே வைத்துவிட்டுத்தான் மறுமொழி சொல்வார்.

மாணவ வாசகர்கள் ஒரு கணக்கைச் செய்து பார்க்கலாம். இருவர் ஏறிய ஸ்பிரைட்டின் நிறை ஏறத்தாழ 800 கிலோகிராம். அது 415 மீற்றர் கீழே இறங்கும்போது இழக்கும் சக்தி முப்பத்திரண்டு இலட்சம் யூலுக்கு மேல். ஒன்பது லீற்றர் குளிர்ந்த நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர இது போதும். அவ்வளவு வெப்பமும் எங்கேனும் போயாகவேண்டும். காற்றின் தடை சிறிது கொள்ளும். சிறு கியரில் எஞ்சின் பெரும்பங்கைக் கொள்ளும். எஞ்சிய அனைத்தும் பிரேக்கின் தலையில் விழும். கியரைப் பயன்படுத்தாமல் பிரேக்கை மட்டும் மிதித்து இறங்குபவர் ஒன்பது லீற்றரையும் நான்கு சிறு பேணிகளுக்குள்ளே காய்ச்சுகிறார் என்க.

ஸ்பிரைட்டின் முதல் மாதிரியில் நான்கு சக்கரங்களுக்கும் பேணி பிரேக். அக்காலச் சிறு கார்களில் அதுவே வழக்கம். பேணி சூடேறும்போது விரிந்து, உள்ளிருக்கும் பட்டைகளை விட்டு விலகுகிறது. பட்டைகளின் உராய்வும் குன்றுகிறது. மிதி முன்னிலும் ஆழமாய்ப் போகும். வண்டி முன்னிலும் மெதுவாய் நிற்கும். இது செய்தவர் குற்றமன்று, வெப்பத்தின் இயல்பு. தட்டு பிரேக்கிலோ தட்டு வெளிக்காற்றில் சுழல்கிறது. விரிந்தாலும் பட்டைகளை நோக்கியே விரிகிறது. 1962 ஒக்டோபரில் வந்த 1,098 கன சென்ரிமீற்றர் ஸ்பிரைட்டில் ஆக்கியோரே முன்சக்கரங்களுக்குத் தட்டு பிரேக்கை வைத்துவிட்டனர். ஆகவே பிந்திய தம்பியின் பாகங்களைத் தமையனுக்குப் பொருத்துவது உலகெங்கும் ஸ்பிரைட் அன்பர்கள் செய்துவரும் காரியம்.

பழைய பாகங்களின் தொகுதி ஒன்று இங்கிலாந்திலிருந்து வந்தது. விலையைக் கேட்டு மாஸ்டர் சிறிது நேரம் பேசவில்லை. மர ஸ்ரியறிங் சக்கரத்தை முன்னரே வாங்கிவிட்டிருந்தார். மீதிப் பணம் முழுவதையும் இந்த இரும்புகள் விழுங்கின. கர்ச்சிக்கும் புகைக்குழாய் பட்டியலோடு நின்றது.

பாஸ் தட்டுகளைக் கடைசல் யந்திரத்தில் ஏற்றி நேர்மை பார்த்தார். ரப்பர் வளையங்கள் அனைத்தையும் புதிதாக மாற்றினார். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும் தன்மையுடையது. புதிய டொற் 4 எண்ணெய் 230 பாகை செல்சியசுக்குக் குறையாமல்தான் கொதிக்கும். ஈரம் குடித்தபின் அந்த எல்லை 155 அளவுக்கு இறங்கிவிடுகிறது. எண்ணெய் கொதித்தால் குழாயிலே ஆவி நிரம்பும். ஆவியை எவ்வளவு மிதித்தாலும் சக்கரம் நிற்காது. வருடத்தின் பெரும்பகுதி ஈரத்திலேயே கழியும் நானுஓயாவில் பிரேக் எண்ணெயை ஆண்டுகணக்கில் மாற்றாதிருப்பது நஞ்சை வீட்டில் வைத்திருப்பதற்குச் சமம். பழைய எண்ணெயைக் கண்ணாடிக் குவளையில் எங்களுக்குக் காட்டினார். சாயத்தேநீர் நிறம்!

பரீட்சை மூன்று நாள் நடந்தது. பொருத்துவதற்கு முன்னரே ஒருநாள் பிரதான வீதியில், பாஸ் பக்கத்திலிருக்க, மாஸ்டர் மூன்றாம் கியரில் லிந்துலைப் பக்கம் இறங்கிப் பார்த்திருந்தார். பாதி வழியில் மிதி இரண்டு விரல் ஆழம் கூடிற்று. அங்கேயே நிறுத்தி ஆறவிட்டுத் திரும்பினர். பொருத்திய பின்னர் அதே வீதியில், அதே கியரில், அதே வேகத்தில் இறங்கினோம். மிதி கால்விரல்கூட அசையவில்லை. மூன்றாம் நாள் ஓட்டியவள் மகள். ஏறுவதற்கு எந்தக் கியரோ இறங்குவதற்கும் அதுவே என்பது மலைநாட்டுச் சாரதிகளின் வேதம். அவள் இரண்டாம் கியரிலேயே வளைவுகளைக் கடந்தாள். ஸ்பிரைட்டின் முதலாம் கியர் ஓடும்போது இலகுவில் விழாது; ஆகையால் இரண்டை நேரத்தோடு போட்டுவிடவேண்டும் என்று பாஸ் இருமுறை சொல்லியிருந்தார். மூன்றாம் முறை சொல்ல வாயெடுத்தபோது, "மாமா, போட்டுட்டேன்" என்றாள்.

தலவாக்கலையில் நிறுத்தியதும் பாஸ் இறங்கி, கையை நீரில் நனைத்து, முன்சக்கரத் தட்டின்மேல் ஒரு துளி உதறினார். துளி சீறி மறைந்தது. பின்சக்கரப் பேணியில் உதறினார். அங்கே துளி வழிந்து ஓடியது. "முன்னுக்குத்தான் வேல நடந்திருக்கு. பின்னுக்கு இன்னும் மிச்சம் இருக்கு. இது போதும்" என்றார். ரதெல்லக் குறுக்கு வீதியை நாங்கள் பரீட்சைக்கு எடுத்துக்கொள்ளவில்லை. அவ்வழியே போகவேண்டாம் என்பதை மகள் தானாகவே ஒப்புக்கொண்டாள். பிரதான வீதியிலே அதிகமாகும் நேரம் பாடசாலை மணிக்கு முன்னே எளிதில் அடங்கும்.

அடுத்த திங்கட்கிழமை விடியற்காலம் ஐந்தரை மணிக்கு, ஹீற்றர் கண்ணாடியைத் துடைத்துக்கொடுக்க, மஞ்சள் விளக்குகள் தேயிலை ஓரத்தைத் தடவ, தவளைக் கார் இறங்கிப் போயிற்று. மாஸ்டர் வாயிலிலே நின்று அதன் எஞ்சின் ஓசையை வளைவு வளைவாக எண்ணிக்கொண்டிருந்தார். ஏழேகால் மணிக்கு ஹற்றனிலிருந்து தொலைபேசி வந்தது. மர ஸ்ரியறிங் சக்கரம் இன்னும் கடதாசி பிரிக்காமல் பெட்டியிலேயே இருக்கிறது. நவராத்திரிக்குப் பொருத்தித் தருவதாக பாஸ் சொல்லியிருக்கிறார்.